தேய்த்துக் கழுவிய ஓடுகள்

ஏண்டி,

பெயர் எழுதித் தொடங்கினால் யாரோ மூன்றாம் மனுஷிக்கு எழுதுவது போல இருக்கிறது. அதனால் கொல்லை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து உன்னைக் கூப்பிட்ட மாதிரியே தொடங்குகிறேன்.

இன்று காலை கிணற்றடியில் நின்றபோது வேர்க்கடலை உடைக்கிற மில் பக்கமிருந்து மல்லாட்டைத் தோல் புகைகிற வாசனை வந்தது. நனைந்த தோல். காய்ந்த தோல் எரிந்தால் ஒரு வாசனை, நனைந்தது புகைந்தால் வேறொரு வாசனை. இந்தத் திண்டிவனத்திலேயே அதைப் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் நாம் இரண்டு பேர்தான் என்று எனக்கு ஒரு பெருமை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். மகள் வந்து, "இன்னாம்மா, கண்ணு கலங்கிக்கினு நிக்கிற?" என்றாள். புகை என்றேன். புகை அவ்வளவு தூரம் வரவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இன்றைக்குத்தான் எழுத உட்கார முடிந்தது.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஓடு மாற்றுகிற ஆட்கள் எல்லாரும் பட்டாளத்துக்காரர்களுக்குக் கொட்டகை போடப் பட்டணத்துப் பக்கம் போய்விட்டார்கள். ஆவணி மழைக்கே கூடத்தில் நாலு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டியதாயிற்று. அதைக் கேள்விப்பட்டு அவருடைய அண்ணன் கண்டமங்கலத்திலிருந்து ரயிலேறி வந்தார்.

"பொம்பள ஒண்டியா ஓட்டு வூட்ட வச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவ? இந்த மழைக்கு ஒழுகும். அடுத்த மழைக்கு சட்டம் இத்துப் போவும். அப்பறம் சுவரு. வித்துட்டு எங்க வூட்டுக்கு வந்துடு" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் பதினான்கு பேர். போனால் அடுப்படியை விட்டு நான் வெளியே வரப்போவதில்லை. என் மகளின் படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிடும். அதை நினைத்ததும் எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. "இந்த அடைமழைக்கு வூடு ஒழுகுனா நானே மூட்டையக் கட்டிக்கினு வர்றேன் மாமா. ஒழுகலன்னா இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். கார்த்திகை தீபத்துக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நீ வேலியைத் தாண்டிக்கொண்டு வந்தாய். ஒட்டுக் கேட்டேன் என்று நீ மறைக்கவே இல்லை. உன் வீட்டுக்காரர் ரயில் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். ஊர் ஊராக மாற்றலாகி, ஏழு வாடகை வீடு பார்த்தவள் நீ. சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட அடுத்தவரைக் கேட்க வேண்டிய வாழ்க்கை. "ஆளு கிடைக்கலன்னா இன்னாடி? நமக்குக் கை இல்லியா? யாரையும் கேக்காம ஏறலாம்னு ஒரு கூர இருக்குது, ஏறாம உக்காந்துக்கினு இருக்கியே" என்றாய்.

கூரை ஏறுகிறவன் மூன்று தரம் கூவிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது நம் தெரு வழக்கம். அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் குளிக்கிற பெண்கள் உள்ளே போவதற்காக ஏற்பட்டது. நீ சிலுவை போட்டுக்கொண்டு, ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஓடு ஏறுறோம்" என்று கூவினாய். பெண்குரல் கேட்டதும் உள்ளே போக வேண்டியவர்கள் எல்லாரும் ஈரப் புடவையோடு வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். தாலி அறுத்தவள் கூரை ஏறினால் தெருவுக்கு ஆகாது என்று எதிர்வீட்டு அம்மாள் ஆரம்பித்தாள். "மழ பேஞ்சா தெருவுக்கா ஒழுகுது? அவ வூட்டுக்குத்தான ஒழுகுது" என்று நீ மேலிருந்தே சொன்னாய்.

வேலை நமக்குத் தெரியாதுதான். ஆனால் தெரியாததைச் செய்து பார்த்தே தெரிந்துகொண்டோம். கால் வைப்பது ஓட்டைத் தாங்குகிற மரச்சட்டத்துக்கு நேராக. பிரிப்பது முகட்டிலிருந்து கீழே, வேய்வது கூரையின் தாழ்ந்த ஓரமான இறவாணத்திலிருந்து மேலே. இதை மாற்றிச் செய்து முதல் நாள் முழுக்க வீணாக்கினோம். ஒரு ஓடு மல்லாந்து கிடக்க வேண்டும், அடுத்தது அதன் விளிம்பில் கவிழ்ந்து உட்கார வேண்டும். நீ கொஞ்சம் கனம் என்பதால் உன் பங்குக்கு ஐந்து ஓடு உடைந்தது. இரண்டுதான் என்று நீ கடைசி வரைக்கும் சாதித்தாய்.

கூடத்தை முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்தோம். அங்கே எலி புரட்டிப் போட்டதில் முழுக்கப் பிரித்தால்தான் சரிப்படும் என்று ஆயிற்று. கூடையில் கட்டி ஓடுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினோம். இறக்கிப் பார்த்தால் ஓட்டின் அடிப்பக்கமெல்லாம் இருபது வருஷத்து அடுப்புக் கரி. கரியைக் கண்ட பிறகு நம் இரண்டு பேராலும் சும்மா இருக்க முடியுமா? கிணற்றடியில் உட்கார்ந்து, சாம்பலும் வைக்கோலும் போட்டு, அத்தனை ஓடுகளையும் பால் குண்டான் கழுவுவது போலத் தேய்த்துக் கழுவினோம். மூன்று நாள். ஓடு செக்கச்செவேலென்று ஆனது. ஓடு மாற்றுகிற ஆண்பிள்ளை எவனுக்காவது இப்படிக் கழுவத் தோன்றுமா என்று நாம் பேசிக்கொண்டது நினைவிருக்கிறதா? தோன்றாதுதான். அவன் புத்திசாலி.

ஐப்பசி முதல் மழை காலையில் பிடித்தது. கூடத்தில் ஒரு சொட்டு இல்லை. நான் தலை கால் தெரியாத சந்தோஷத்தில் அடுப்படிக்குள் போய் மேலே பார்த்தேன். எங்கேயும் ஓட்டை இல்லை, ஆனால் ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் முத்து முத்தாக வியர்த்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வியர்வை ஒன்றுசேர்ந்து அடுப்பின் மேலேயே சொட்ட ஆரம்பித்தது. நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கண்டமங்கலத்து அடுப்படி என் கண் முன்னால் வந்து நின்றது.

நீ அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாய். மூலையில் ஓர் ஓட்டில் குளவி கூடு கட்டியிருந்ததால் அதை மட்டும் கழுவாமல் அப்படியே ஏற்றி வைத்திருந்தோம். அது ஒன்றுதான் வியர்க்காமல் இருந்தது. நீ அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கரி விரலை நீட்டினாய். "அழுக்குன்னு நெனச்சிதான்டி தேச்சோம். இதான்டி தண்ணிய நிறுத்திக்கினு இருந்தது" என்றாய்.

இருபது வருஷத்துக் கரியை இருபது நாளில் ஏற்ற வேண்டும். கோணிக்கு ஒரு வீசை கேப்பை கொடுத்து மில்லில் மல்லாட்டைத் தோல் வாங்கலாம் என்றேன் நான். அங்கே சும்மா அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள் என்று நீ போய் எட்டுக் கோணி இழுத்து வந்தாய். தண்ணீர் தெளித்து, மூன்று உடைந்த பானைகளில் போட்டு, கதவைச் சாத்தி, தினமும் புகை போட்டோம். இரண்டு பேரும் கண் சிவந்து, இருமிக்கொண்டே திரிந்தோம். சமையல் உன் வீட்டில். என் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பக்கத்தில் உட்காருகிற பெண் மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள் என்று முறையிட்டாள். பேஜாரு பிடித்த நாட்கள். ஆனால் ஒருநாள்கூட நீ விடவில்லை.

தீபத்தன்று காலையில் கண்டமங்கலத்துப் பெரியவர் தெரு முனையில் வரும்போது, நம் அடுப்படியின் அத்தனை ஓட்டு இடுக்கிலிருந்தும் புகை போய்க்கொண்டிருந்தது. வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்துத் தலைப்பாகையை வீசிவிட்டு ஓடி வந்து கிணற்றில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிட்டார். "பெரியவரே, ஜல்தி பண்ணாதீங்க. வூட்டுக்கு சாம்பிராணி போட்டுக்கினு இருக்கறோம்" என்று நீ வாளியைப் பிடுங்கி வைத்தாய்.

பகலில் மழை கொட்டியது. அவர் கூடத்தில் உட்காரவில்லை. அடுப்படியில்தான் இலை போடச் சொன்னார். ஒரு கவளம் வாயில், ஒரு பார்வை மேலே. இலையில் ஒரு சொட்டு விழவில்லை. கை கழுவிவிட்டு வந்து இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அந்தப் பொகைய எத்தினி நாளு போடணும்?" என்று கேட்டார். அவர் வீட்டு அடுப்படியும் ஒழுகுகிறதாம். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் நீ அம்மியின் மேலேயே சாய்ந்துவிட்டாய். வீட்டை விற்கிற பேச்சு அதோடு போயிற்று. என் மகள் இந்த வருஷம் பள்ளிக்கூடப் படிப்பை முடிக்கிறாள்.

சண்டை முடிந்த பிறகு உன் வீட்டுக்காரரை விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். அங்கே எட்டாவது வாடகை வீடு. ஒரு புரட்டாசியில் வந்து பார்த்தேன். வாசலில் வைத்தே எனக்கு மோர் கொடுத்தாய். வீடு எப்படி என்று கேட்டேன். "ஒண்ணும் கொறை இல்லடி" என்றாய். நானும் அப்படியே எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

அதே வருஷம் கார்த்திகையில் ஸ்டேஷன் ஆள் வந்து செய்தி சொன்னான். மார்ச்சளி, ஒன்பது நாள் என்றான். நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உள்ளறையில் நீ படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் ஒரு குண்டான் இருந்தது. அதில் தண்ணீர் நிரம்பியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து உன் வீட்டுக்காரர் சொன்னார்: "வூட்டுச் சொந்தக்காரரு ஓடு மாத்த ஆள் அனுப்பறேன்னே சொல்லிக்கினு இருந்தாரும்மா. நாந்தான் உங்களுக்கு ஒரு கார்டு போடலாம்னேன். வேணாம்னுட்டா. அவளுக்கு எழுதுனா ஏணியத் தூக்கிக்கினு வந்துடுவா, பொண்ணப் பள்ளிக்கூடம் அனுப்பற நேரத்துலன்னு சொன்னா."

உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த மறுநாள், பக்கத்து வீட்டில் ஏணி வாங்கி நான் ஏறினேன். வீட்டின் சொந்தக்காரர் ஓடி வந்து யாரைக் கேட்டு ஏறினாய் என்று கத்தினார். இறங்கி வந்து சொல்கிறேன் என்றேன். மூன்று உடைந்த ஓடு, நகர்ந்து கிடந்தது ஒன்று. இறவாணத்தின் கீழே கிடந்த மிச்ச ஓடுகளை எடுத்துச் சொருகினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணி நேரத்தை எண்ணி எனக்கு உன் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம்.

இப்போது திண்டிவனத்தில் எந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் எங்கே ஒழுகுகிறது என்று கேட்கிறேன். ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நான் விடாமல் இரண்டாம் தடவையும் கேட்கிறேன். அப்போது மெதுவாக உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.

உன்னிடம் நான் ஒரு தடவைதான் கேட்டேன்.