நூலில் காய்த்த சாத்துக்குடி

12.2.1983, சனி

நீயே சொல்லு தாயே, உன் எதிரில் நடந்ததுதானே? காளியம்மா, வேற யார்கிட்ட போய் அழுவேன்!

ஜீப்பில் வந்த ஒருவனிடம் சாத்துக்குடி என்று வாங்கி, நாலு வருஷம் தண்ணீர் சுமந்து வளர்த்த செடிகள். அவற்றுக்கு இடம் வேண்டும் என்று என் தம்பி மகன் துரைக்கண்ணு காய்ப்பிலிருந்த இரண்டு புளியமரத்தைச் சாய்த்தான். முதல் காய்ப்பு உனக்கு என்று நான்தான் வேண்டிக்கொண்டேன். வேண்டின பழத்தில் உனக்கு முன்னால் நாங்கள் வாய் வைப்போமா? ருசி பார்க்காமலே கூடையோடு கோயிலுக்குக் கொண்டுவந்தோம். பூசாரி உரித்துக் கொடுத்தார். வாயில் போட்ட அத்தனை பேரும் துப்பினார்கள். உன் வாசலிலேயே! சாத்துக்குடி இல்லை, ஏதோ காட்டு எலுமிச்சை. ஒரே கசப்பு.

"இன்னா அத்தே, சாமிக்குப் பேதி மருந்தா கொணாந்தீங்க?" என்று பங்காளி ராஜாக்கண்ணு சிரித்தான். துரைக்கண்ணு அவன் வாயிலேயே குத்தினான். இரண்டு பல் விழுந்தது.

13.2.1983

காலையிலிருந்து துரைக்கண்ணு கோடாலியைக் கீழே வைக்கவில்லை. தோட்டம் முழுக்கச் சாய்ந்தது. முள் கிழித்து முழங்கை வரை ரத்தம். "போதும்டா கண்ணு" என்றேன். "வெட்ட வேண்டியது இத இல்ல அத்தே" என்றான்.

20.2.1983, ஞாயிறு

இதையும் எழுதணும்.

புளி விற்க நானும் அவனும் ஆலங்காயம் சந்தைக்குப் போனோம். அங்கே அவன்! அன்றைக்கு ஜீப்பில் மலைக்கு வந்து எங்களிடம் செடி விற்ற அதே ஆள். மண்தொட்டியில் பழத்தோடு ஒரு செடியை வைத்துக்கொண்டு, "பழத்தப் பாத்து வாங்குங்கம்மா! மறு வருஷமே காய்ப்பு!" என்று கூவிக்கொண்டிருந்தான்.

நான்தான் கத்தினேன். "டேய், அம்மாளையே ஏமாத்தினவன் இவன்தான்டா!" சந்தையே திரும்பியது. என் குரல் அப்படி.

துரைக்கண்ணு பழத்தைப் பிடித்து இழுத்தான். பழத்தோடு கறுப்பு நூலும் வந்தது.

"இன்னாடா, உங்க ஊர்ல சாத்துக்குடி நூல்லதான் காய்க்குமா?" என்று எவனோ கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் அடித்தார்கள். செருப்பு, தராசுக் கட்டை, கையில் கிடைத்ததெல்லாம். அவன் சட்டை கிழிந்தது, காது கிழிந்தது. மூக்கு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

"நான் வாங்கி விக்கிறவன்தாங்க... நீங்களாவது சொல்லுங்கம்மா" என்று என் காலைப் பிடித்தான். நான் அவன் செடியையே வேரோடு பிடுங்கி அவன் முகத்தில் அடித்தேன். முள்ளு கன்னத்துல ஏறி நின்னுது. மறுபடியும் அடிச்சேன். உன் பேரச் சொல்லித்தான் அடிச்சேன் தாயே.

பிறகு துரைக்கண்ணு மண்தொட்டியைத் தூக்கி அவன் தலையில் போட்டான். சத்தம் கேட்டு, தொட்டி உடைந்தது என்று நினைத்தேன். தொட்டி உடையவில்லை.

23.2.1983

துரைக்கண்ணு லாக்கப்பில். அந்த ஆள் வேலூர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறானாம். செத்தால் கொலைக் கேஸ் என்கிறார்கள். அவன் பிழைக்கணும் தாயே. அவனுக்காக இல்ல, எங்க புள்ளைக்காக. கிடா வெட்டறேன்.

24.2.1983

கண்ணை மூடினால் அந்த முள்தான் தெரிகிறது.

27.2.1983, ஞாயிறு

கிடாவை இன்றைக்கே வெட்டிவிட்டேன். ரத்தம் காய்வதற்குள் ஏட்டு வந்தார். "ஆள் போய்ட்டாம்மா."

துரைக்கண்ணு பெண்டாட்டி முனியம்மா மண்ணில் விழுந்து புரண்டாள். எழுந்து வந்து என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். "உன் வாயிதான் என் புருஷன உள்ள தள்ளிச்சு! உன் வாயிதான்!" நான் தடுக்கவில்லை. நெற்றி பிளந்தது. இந்தத் தாளிலும் சொட்டுகிறது.

ஏட்டுதான் பிரித்துவிட்டார். போகும்போது கேட்டார்: "பேரு பாண்டுரங்கன்னு மட்டும்தான் தெரியுது. பொணத்த வாங்க ஆளில்ல. எந்த ஊரு, யாரு இருக்காங்கன்னு உங்களுக்கு எதனா தெரியுமா?"

"எனக்கு இன்னாங்க தெரியும்" என்றேன்.

பொய் இல்ல தாயே. அப்போ ஞாபகமே வரல. இப்பதான், எழுதறப்ப வருது. செடி கொண்டாந்த அன்னிக்கு அவன்கூட ஜீப்புல ஒரு பொண்ணு இருந்தா, அவன் பெண்டாட்டி. நிறைமாசம். நான்தான் கூழு ஊத்திக் குடுத்தேன். குடிச்சிட்டு, செடியில தொங்கின பழத்தப் பறிக்கக் கை நீட்டினா. வாய்க்குக் கேட்டிருக்கும். அவன் பட்டுனு அவ கையில அடிச்சான். அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சி. நான் பேச்சை மாத்தி, எந்த ஊரும்மா, பேரு இன்னான்னு கேட்டேன்.

"ஊரு அமிர்தி, அக்கா. பேரு சாந்தம்மாள்"னு சொன்னா.