ஐஸில் புதைத்த பை

என் கண்ணு செல்விக்கு,

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் நாலே பேர். நீ, நான், உன் புருஷன் ஏழுமலை, பை ஏற்ற வந்த நர்ஸ் மேரி. உன் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். யார் எங்கே நின்றார்கள் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை.

குடலை வெட்டி எடுத்த பிறகு உனக்குச் சாப்பாடு நரம்பு வழியாகத்தான். பால் மாதிரி வெள்ளைப் பை. "பால் இல்ல ஆயா, எண்ணெய்" என்று மேரி முதல் நாளே சொன்னாள். "பொடிப்பொடியா உடைச்சு, முட்டைக்கருவுல எடுத்த சத்தைப் போர்த்தித் தண்ணியில விட்டிருக்காங்க. உறைஞ்சா போர்வை கிழிஞ்சுடும். அப்புறம் குலுக்கினா வெள்ளையாத் தெரியும், ஆனா சேராது. நெஞ்சை அடைச்சுடும்."

"நான் இன்னா பச்சப்புள்ளையா? ஒருவாட்டி சொன்னா போதும்" என்றேன்.

அந்தக் கடைசி நாளில் கரண்ட் இல்லை, கொளுத்தும் வெயில். காது கேட்டதைக் கை கேட்கவில்லை. கெடக்கூடாது என்றால் ஐஸ், அதன்மேல் கல்லுப்பு. இறாலுக்குச் செய்தே பழகிய கை. பையையும் அப்படியே பெட்டிக்குள் புதைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டேன்.

நம்ம ஊர் டச்சுக்காரன் கல்லறைத் திருப்பத்தில் மேரியின் வண்டியைப் பார்த்து ஓடி வந்தேன். பை உன் கட்டிலில் இருந்தது, வெள்ளையாக.

"ஐஸ்ல கீஸ்ல வெக்கலியே?" என்று மேரி கேட்டாள்.

"அம்மா அதுக்கெல்லாம் உஷாரு, அக்கா" என்று நீ முந்திக்கொண்டாய். வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பை ஏற ஏற உனக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் என் மடியில் உன் மூச்சு நின்றது. அந்தப் பையால்தானா? டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை.

என் தப்பை மறைத்து, பழியை அவர்கள் இருவர் மேலும் போட்டேன். ஏழுமலையோடு பேச்சை விட்டேன். மேரி வந்தால் கதவைச் சாத்தினேன். போன வாரம் அவன் வாசலில் நின்று அழுதான்.

"அத்தே, பையை ஐஸ்லேந்து எடுத்தது நான். கரைஞ்சதும் மேல மஞ்சளா எண்ணெய் மிதந்துது. செல்விதான் புடுங்கிக் குலுக்கினா. 'சொன்னா ஊரே அம்மாவப் பேசும், நீ வாய மூடு'ன்னா."

மறுநாள் வேறு பை வந்திருக்குமே, செல்வி. ஒரு நாள் பசி உனக்குத் தாங்காதா? ஊர் பேசினால் நான் தாங்க மாட்டேனா?

ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன். உன் மகள் அதன்மேல் உட்கார்ந்து பாடம் படிக்கிறாள்.

நாளைக் காலையில் மேரியின் வீட்டுக்குப் போய், ஐஸில் வைத்தது நான்தான் என்று நாலு பேர் கேட்கச் சொல்வேன். இது சத்தியம். ஏழுமலை மேல் இருந்த கோபமும் போய்விட்டது. என்னால் மன்னிக்க முடியாதவள் ஒருத்திதான். நீதான், செல்வி.

உன்னைப் பெற்ற
அம்மா