படிக்கச் சொல்லிக் கேட்டு வைத்த கைநாட்டு

என் அருமை மாப்பிள்ளை வேலுச்சாமிக்கு,

இந்த அரபு நாட்டின் பெரிய ஷேக் காலமாகி, ரேடியோவில் பல நாள் பாட்டே போடாமல் இருந்தார்களே, அந்த வருஷம். அதே வருஷக் கடைசியில் நம் பக்கம் கடல் ஏறி வந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் உன்னை விமானம் ஏற்றினார்கள். எனக்கு எழுத்துதான் வராது, கிழமை மறக்காது. அது ஒரு திங்கட்கிழமை.

நான் சொல்லச் சொல்ல எழுதுவது, கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை ஜமால் பாய். நாலு பேர் படிக்கட்டும், கடைச் சுவரில் ஒட்டுகிறேன் என்கிறார். ஒட்டட்டும். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை மாப்பிள்ளை. நின்றுகொண்டே சொல்கிறேன். அவர் இரண்டு தடவை ஸ்டூலைக் காட்டிவிட்டார்.

விசா புதுப்பிக்க உன் ரத்தம் எடுத்து நாலு நாள் கழித்து, மறுபடி வரச் சொல்லி வண்டி வந்தது. மத்தியானத்துக்கு மீன் குழம்பு எடுத்து வையுங்க மச்சான் என்று சொல்லிவிட்டு ஏறினாய். எடுத்து வைத்தேன். நீ வரவில்லை. உன் பெட்டியைக் கேட்டு ஆள் வந்தது.

கம்பெனி ஆபீசில் என்னைக் கூப்பிட்டு, சொந்தக்காரன் நீதானே, இதில் விரலை வை என்றார்கள். என்ன பேப்பர் என்றேன். "ப்ளட் கராப். கலாஸ்" என்றான் அங்கிருந்தவன். ரத்தம் கெட்டுப்போச்சு, முடிஞ்சது. வைத்தேன். நீ சொந்த விருப்பத்தில் போகிறாய், யார்மேலும் உனக்குக் குறை இல்லை என்று அதில் எழுதியிருந்ததாம். என் பெட்டியில் கிடந்த நகலை இரண்டு வருஷம் கழித்து பாய்தான் படித்துச் சொன்னார்.

மஞ்சள் காமாலை என்று நினைத்தேன். நினைத்தேனா, அப்படி நினைத்துக்கொண்டேனா? உன் மெத்தையை, கல் உடைக்கும் கிரஷர் பக்கம் கொண்டுபோய் எரித்தார்களே, அதை நின்று பார்த்தவன்தானே நான்? ஆனாலும் தங்கச்சிக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை லீவில் வருகிறார், நன்றாக ஆக்கிப் போடு என்றேன். நீயும் அவளிடம் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது எய்ட்ஸ் என்று ஒரு நர்ஸ் அம்மாள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் ரத்தம் எடுத்தது அன்றைக்குத்தான். நீ அங்கிருந்து உயிரோடு திரும்பவில்லை.

உன்னைத் திட்டத்தான் இதை ஆரம்பித்தேன். வாயில் வரவில்லை.

இப்போதைய சேதி கேள். துபாயில் கிரேன் எல்லாம் அசையாமல் நிற்கிறது. இங்கே ராஸ் அல் கைமாவில் மலையை உடைப்பதும் பாதியாகிவிட்டது. தங்கச்சி நன்றாக இருக்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு ரூமில் இந்த நோய்க்காரர்களுக்கு ஒரு ஆதரவு மையம் நடக்கிறது. அங்கேதான் வேலை பார்க்கிறாள். புதிதாக வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள், கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள், அழுதால் பக்கத்தில் இருப்பாள். அரசாங்கப் பணத்தில் நடக்கிறது. மூன்று வருஷத்துக்குப் போட்ட ஆணை இந்தப் பங்குனியோடு முடிகிறது. சட்டசபையில் மானியக் கோரிக்கையில் மறுபடி சேர்த்தால் உண்டு, இல்லையென்றால் பூட்டு.

மாத்திரைதான் ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்களே என்று போனில் கேட்டுவிட்டேன்.

"குடுக்காகண்ணே. அந்த வரிசையில போயி நிக்கிறதுக்கு ஒரு ஆளு தைரியம் சொல்லணும்ல? எனக்கு மட்டும் அன்னைக்கே ஒரு ஆளு சொல்லியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஒரு ஆள் யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

வெளிநாட்டில் இருப்பவர்களும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் சபையில் எடுபடும் என்றாள். இங்கிருந்து திரும்பிப் போனவர்கள் வீட்டு ஆட்கள்தானே அந்த மையத்தில் பாதி. பாய் மனு எழுதினார். நான் மெஸ்ஸில் பரிமாறும்போது ஒவ்வொருத்தனிடமும் நீட்டினேன். நம் ஜில்லாக்காரர்கள்தான், ஒருத்தனும் தொடவில்லை. இந்த நோய்ப் பெயர் போட்ட பேப்பரில் நம் பெயர் இருந்தால், அது விசாவுக்கு ரத்தம் எடுக்கிற மெடிக்கலுக்குப் போய் அடுத்த தடவை விசா அடிக்க மாட்டார்கள் என்று பயம். ஊர் சட்டசபைக்குப் போகிற பேப்பர் இங்கே எப்படியப்பா வரும்? சொன்னால் ஏறவில்லை. ஒருத்தன் துணிந்து போட்டான். பாய் படித்துப் பார்த்துவிட்டு, இது யார் பேர் என்றார். எங்க அப்பா பேர், செத்துப்போனவரை மெடிக்கலுக்குக் கூப்பிட மாட்டாங்கல்ல என்றான்.

கிரஷர் ஓட்டும் முருகேசன்தான் வாயாடி. "என்ன பெருசு, இம்புட்டு அலையிறீக? யாருக்கு வந்துச்சு, உங்களுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் கையில் கரண்டி இருந்தது.

"என் தங்கச்சிக்கு" என்றேன்.

இத்தனை வருஷமாகச் சொல்லாத சொல். மறுநாள் பாதிப் பேர் என் கையால் சோறு வாங்கவில்லை, கடையில் ரொட்டி வாங்கித் தின்றார்கள். சமையலுக்கு வேறு ஆள் போடுங்கள் என்று ஃபோர்மேனிடம் போயிருக்கிறார்கள். அவர் என் ஹெல்த் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. முருகேசன் வழக்கம்போல் தட்டை நீட்டினான், குழம்பில் உப்பு இல்லை என்று ஏசினான். கையெழுத்து மட்டும் போடவில்லை. மற்றவர்களில் ஏழு பேர் பாய் கடைக்குத் தனித்தனியாக வந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

எட்டாவதாக என் கைநாட்டு. பாயை முழுசும் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். இந்தத் தடவை எதில் விரல் வைக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாப்பிள்ளை, இந்த மையை அழித்தால் கம்பெனியில் வைத்த பழைய மையும் போகுமா?

மனு, லீவில் ஊருக்குப் போன ஒருத்தர் பெட்டியில் போயிருக்கிறது. சபை இன்னும் கூடவில்லை. போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

ஆணை வந்தாலும் வராவிட்டாலும் இந்த விசாவை நான் புதுப்பிக்கப் போவதில்லை. ஊருக்கு வந்து, வரிசையில் நிற்கப் பயப்படுகிறவர்களுக்கு பஸ்ஸில் நான் துணை போவேன். போர்டு படிக்கத் தெரியாது, ஆனால் போன வழி மறக்காது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மையம் திறந்த அன்று நோட்டில் முதலில் பெயர் கொடுத்தவர்கள் நாலு பேர். தையல்காரர் சேகர் இப்போது உயிரோடு இல்லை. லாரி ஓட்டிய அந்தோணி இல்லை, அவர் சம்சாரம் மேரியும் இல்லை. மிச்சம் ஒருத்தி. மனுவில் அவள் பெயரைப் போடவா, விடவா என்று அவளிடமே போனில் கேட்டேன். முதல் பெயராகப் போடுங்கண்ணே என்றாள். இந்தக் கடிதம் முழுக்க நான்தான் அந்தப் பெயரைச் சொல்லாமல் வந்திருக்கிறேன். பாய், இதைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
பஞ்சவர்ணத்தின் அண்ணன்.