ஏழாவது பாட்டில் நீ பாடாத அடிகள்

அன்புள்ள கோராவுக்கு,

நானும் உன் ராய்ஸ் மாமாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நாஷ்வில்லில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மாமாவின் வண்டியிலிருந்து உன் இசைத்தட்டை எடுத்து மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல முடியாது, அவன் வீட்டில்தான் இருக்கிறான்.

இத்தனை வருடம் மற்றவர்களுக்குப் பின்பாட்டுப் பாடிய பெண் தன் பெயரிலேயே ஒரு தொகுப்பு போட்டுவிட்டாள் என்று எனக்குக் கால் தரையில் இல்லை. முதல் பாட்டில் உன் குரலோடு ஸ்டீல் கிடார் வந்து சேருமிடத்தில் கழுவிய தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். மாமாவும் தான் வாங்கிக் கொடுத்த பாஞ்சோ வாத்தியம்தான் உன்னை வளர்த்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அப்புறம் ஏழாவது பாட்டு வந்தது. அட்டையில் அதற்கு, பழைய மலைப்பாட்டு, எழுதியவர் தெரியாது என்று போட்டிருக்கிறாய். உன்மேல் தப்பில்லை கண்ணு. நம் பக்கத்தில் அடுப்படியில் கேட்ட பாட்டை யார் கட்டியது என்று எவரும் கேட்பதில்லை. அதைக் கட்டியவள் நான். அப்போது எனக்குப் பதினாறு வயது.

வடக்கே போனவனின் பூட்ஸ் மூன்று சிக்கமோர் மரத்தடிப் பாறைக்குழியில் கிடக்கிறது என்று பாடுகிறாயே, அது கதை இல்லை. டெல்பர்ட் மேஸ் ஒஹையோவுக்கு வேலைக்குப் போனதாகத்தான் முப்பது வருடமாக இந்த ஊர் நம்புகிறது. அவன் போகவில்லை. வேலித் தகராறில் மாமா மண்வெட்டியால் ஒரே அடி அடித்ததைப் புகையிலைக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். வாயைத் திறந்து யாரிடமும் சொல்லத் தைரியமில்லாமல் பாட்டாக்கினேன்.

உள்ளூர் ரேடியோவில் தினமும் உன்னைத்தான் போடுகிறார்கள். திங்களன்று பள்ளிச் சமையல்கூடத்தில் டெல்பர்ட்டின் அக்கா ஓப்பல் என் தட்டில் பீன்ஸ் போட்டுக்கொண்டே, உம்பொண்ணு தொண்டை தேனுடி வெர்னா, பள்ளிக்கூட நூலகத்துல உக்காந்து புத்தகம் அடுக்குற உனக்கு இப்படி ஒண்ணு எப்படித்தான் பொறந்துச்சோ, ஆனா மூணு சிக்கமோரும் குழியும் உங்க நிலத்துல மட்டுந்தானே இருக்கு, என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கரண்டி மட்டும் அந்தரத்தில் நின்றது. கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறு வருகிறது. தம்பிக்காக நட்டு, பிறந்த வருடம் மட்டும் வெட்டிய வெறுங்கல்லுக்கு அவள் இந்த வருடமும் பியோனிப் பூ வைப்பாள்.

நேற்று மாமா ஏழாவது பாட்டு வரை கேட்டிருக்கிறான். இஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். உள்ளே வந்து, அந்தப் பாட்ட உம்பொண்ணுக்கு யாரு சொல்லிக் குடுத்தா, என்று மெதுவாகக் கேட்டான். நான் அடுப்பைத் துடைக்கத் திரும்பினேன். சரி, ஞாயித்துக்கெழம அவ வருவால்ல, நானே கேட்டுக்கறேன், என்று பிஸ்கட் ரொட்டியைப் பிட்டு கிரேவியில் தோய்த்தான். இன்று காலை அவன் வண்டியின் பின்புறம் மண்வெட்டியும் புதுக் கயிறும் பார்த்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது. சாலைப் பக்கம் போகவில்லை, அந்த மூன்று மரங்களின் பக்கம் இறங்குகிறது. நாய் விடாமல் குரைக்கிறது.

நீ ஞாயிறு வராதே. தேவாலயத்தில் பாட ஒப்புக்கொண்டதற்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மாமா கூப்பிட்டால் எடுக்காதே. அவன் உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன்தான், நானும் மறக்கவில்லை, ஆனாலும் எடுக்காதே. தொண்டைக்கு வெந்நீர் குடி. கடவுள் உன் குரலையும் உன்னையும் காப்பாற்றட்டும். அடுத்த முறை அட்டை அச்சடிக்கும்போது அந்தப் பாட்டுக்கு என் பெயரைப் போடு.

அதில் இன்னும் நாலு அடி உண்டு. நீ வீட்டில் இருக்கும்போது நான் பாடாதவை, டெல்பர்ட்டின் பெயரும் மாமாவின் பெயரும் வருபவை. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராகப் பள்ளிச் சமையல்கூடத்துக்குப் போய் ஓப்பலுக்கு அவற்றைப் பாடிக் காட்டப் போகிறேன்.

உன் அம்மா,
வெர்னா