நீ மாற்றிச் சொன்ன பதில்

அன்புள்ள பெரியவனுக்கு,

இது முழுக்க நானே எழுதியது! நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

நாங்கள் வேலை செய்யும் தையல் ஆலையில் பணம் போட வந்த வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளிகளிடம் பேசியபோது நீதான் மொழிபெயர்த்தாய். "வேலை நேரத்துல பின்கதவு திறந்திருக்குமான்னு கேக்கிறாங்கப்பா" என்றாய். "வெளியிலேருந்து பூட்டிடுவாங்க, தீப்பிடிச்சா எல்லாரும் கரிக்கட்டைதான்னு சொல்லுடா" என்றேன். நீ ஏதோ சொன்னாய். அவர்கள் சிரித்து என் கையைக் குலுக்கினார்கள். நான் சொன்னதற்கு யாரடா சிரிப்பார்கள்?

பணம் வந்துவிட்டதாம். பூட்டு அப்படியே தொங்குகிறது.

உன் தங்கை அந்தக் கதவுக்கு உள்ளேதான் தைக்கிறாள். "எங்க அண்ணன் நமக்காகப் பேசியிருக்கான், சீக்கிரம் திறந்துடுவாங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் வாயால் அவளிடம் சொல்ல முடியவில்லை. நீயே வந்து சொல்.

அப்பா