ஹார்ன் இல்லாத வண்டி

அன்புள்ளவருக்கு,

எழுதிப் பழகிய கை ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டது, பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் சொன்னால் பாதியிலேயே சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

முதலில் அத்தை. போன செவ்வாய்க்கிழமை மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது காரிலேயே மயங்கிவிட்டார். தூசியும் புகையும் ஆகாது, கண்ணாடியை ஏற்றியே கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இறக்கினால் இழுப்பு வருகிறது, ஏற்றினால் வண்டி உலையாகிவிடுகிறது. சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தேன். உங்கள் அம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்தார்களே தவிர, யாரும் இறங்கி வரவில்லை; ஒரு பழக்கடைக்காரர்தான் தண்ணீரோடு ஓடிவந்தார். இப்போது எழுந்து உட்கார்ந்து, டீயில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

நீங்கள் வெளியூர் வேலைக்கு விமானம் ஏறியதிலிருந்தே ஏசியில் வெறும் காற்றுதான். எத்தனை முறை சொன்னேன்? ஒவ்வொரு முறையும் ஒரே பதில். கேஸ் இறங்கியிருக்கும், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், மெக்கானிக்கிடம் போகாதே, தலையில் மிளகாய் அரைத்துவிடுவான். நானும் நம்பினேன். கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். சொட்டச் சொட்ட ஆபீஸுக்குள் நுழைந்தால், நீந்தியா வந்தாய் என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

அத்தை மயங்கிய பிறகு உங்களைக் கேட்கவில்லை. நேரே ‘பார்த்துடலாம்’ மெக்கானிக்கிடம் போனேன். எதைச் சொன்னாலும் பார்த்துடலாம் என்பாரே, அவர்தான். மீட்டரை மாட்டிப் பார்த்தார். கேஸ் சரியாக இருக்கிறது, எங்கும் ஒழுகவில்லை. உள்ளே ஃபேனும் ஓடுகிறது. ஆனால் ஏசியை அமுக்கியதும் இன்ஜின் பக்கம் கம்ப்ரஸர் டக்கென்று பிடிக்க வேண்டுமாம், அந்தச் சத்தமே வரவில்லை. கரண்ட் எங்கேயோ நிற்கிறது, வண்டியை இரண்டு நாள் விட்டுப்போங்கள், பார்த்துடலாம் என்றார். மறுநாள் அத்தையை மறுபடி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், எப்படி விடுவது? வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன்.

வந்த கோபத்தில் பானெட்டைத் தூக்கி, ஃபியூஸ் பெட்டியின் மூடியை நானே கழற்றினேன். எது எதற்கு என்று மூடியின் உட்புறத்தில் படம் போட்டிருக்கிறது. ஏசி ரிலே என்ற இடத்தில், கம்ப்ரஸருக்குக் கரண்ட் விடும் கறுப்புக் கட்டை ஒன்று சின்னதாக இருக்க வேண்டும். இல்லை. எரிந்துபோகவில்லை, உடையவில்லை, பிடுங்கிய பல் மாதிரி இடமே காலி. எலி வேலையோ என்று நான் சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தை என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“எலி இல்லம்மா. கிளம்புற அன்னைக்கு அவன்தான் கழட்டிப் பையில போட்டுக்கிட்டான். நாலு நாள் வெந்தா அவளே சாவியைக் கீழ வச்சிடுவான்னு சொன்னான். கடைசியில வெந்தது நான்தான்.”

பெற்ற மகனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை என்று அழுதார். அவர் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் உங்கள் மேல் இருப்பதில் அது எந்த மூலைக்கு!

நான் வண்டி ஓட்டுவது பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்போம். நான் என்ன சண்டைக்குப் பயந்தவளா? லைசென்ஸ் வாங்கிய அன்று வாயெல்லாம் பல்லாகக் கைகுலுக்கினீர்கள். அப்புறம் அதே கையால் இதைக் கழற்றிக்கொண்டு போய், அங்கே உட்கார்ந்துகொண்டு கேஸ் கேஸ் என்று என் காதில் பூச்சுற்றினீர்கள். அத்தை கண் திறக்காமலே போயிருந்தால்? அப்போதும் கேஸ் என்றுதான் சொல்லியிருப்பீர்களா?

ஹார்னுக்கும் அதே அச்சில்தான் ரிலே இருந்தது. அதைப் பிடுங்கி ஏசி இடத்தில் சொருகினேன். டக் என்றது. கொஞ்ச நேரத்தில் முகத்தில் சில்லென்று காற்று வந்தது. அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆத்திரத்தில்தான் அழுதேன், வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது வண்டியில் ஹார்ன் இல்லை. யாராவது குறுக்கே வந்தால் அத்தை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, “ஏம்ப்பா, கொஞ்சம் நகரு” என்று ஒரு குரல் கொடுக்கிறார். இழுப்புக்காரர் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

புது ரிலே எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று மெக்கானிக் பிறகு போனில் சொன்னார். நான் வாங்கப் போவதில்லை. நீங்கள் பார்சலில் அனுப்பினாலும் பிரிக்கமாட்டேன். கழற்றிய கையே வந்து மாட்டட்டும். அத்தை பார்த்துக்கொண்டு நிற்க, நீங்களே மாட்டுங்கள். விமான நிலையத்துக்கு நான்தான் வண்டி எடுத்து வருவேன். முன்சீட் அத்தைக்கு, உங்களுக்குப் பின்சீட்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். சீக்கிரம் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
சாவியை இன்னும் கீழே வைக்காத
உங்கள் மனைவி