நாலாம் முகாமின் நிறை

வெள்ளவத்தை,
14.08.1999

என் அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் நடமாடுகிறோம், நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் மருமகனும் அங்கே அப்படியே இருக்க மயூரபதி அம்மன் துணை நிற்கட்டும். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, குளிசையை ஒழுங்காகப் போடுகிறார், ஆனால் பாணுக்குப் பட்டர் வேண்டுமென்று சின்னப்பிள்ளை போல அடம்பிடிக்கிறார். போன கிழமையும் பொலிஸ் பதிவு பார்க்க பிளாட்ஸ் முழுக்க ஏறி இறங்கினார்கள், எங்களிடம் எல்லாம் சரியாக இருந்ததால் பேசாமல் போய்விட்டார்கள். உன் கடிதம் கிடைத்தது. நான் வாசித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தேன், அவர் வாசித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டார். "ஒரு தசப்புள்ளிக் கணக்குக்காக மாமாவைத் தலைகுனிய வைத்துவிட்டீர்களே அம்மா, உங்களுக்கு அப்படி என்ன பிடிவாதம்" என்று எழுதியிருந்தாய். உனக்கு உன் மாமனார் வீட்டுக் கதை மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஆர் கேட்கிறார்களோ என்று பயந்து பயந்து டெலிபோனில் சொல்லக்கூடிய விஷயமல்ல இது, அதனால் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், நீ ஆறுதலாக இருந்து வாசி.

கணிதம் படிப்பித்துப் பென்சன் எடுத்த பிறகு வீட்டில் சும்மா இருந்த என்னை உன் மாமாவே வந்துதான் தன்னுடைய நிவாரண அலுவலகத்துக்குக் கூப்பிட்டார், அது உனக்குத் தெரியும். "தங்கச்சி, கொம்பியூட்டர் வந்திருக்கு, கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் இல்லை" என்றார். நானும் அந்த வயதில் பேஸிக் என்ற கொம்பியூட்டர் மொழியைப் பழகினேன். வடக்கில் நாலு முகாம்களில் இரண்டு வயதுப் பிள்ளைகளை நிறுத்து அனுப்புவார்கள், அதை நான் பதிவேன். நிறுக்கப் போவது இமெல்டா, கொட்டாஞ்சேனைப் பிள்ளை, நர்ஸ் வேலை படித்தவள், தராசைத் தோளில் போட்டுக்கொண்டு சென்றி சென்றியாகச் சோதனைக்கு இறங்கி ஏறிப் போய்வருவாள். அவள் கொண்டுவரும் நிறைகளுக்கு நான் இருபது வரியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். முதல் சுற்றில் அது எல்லா நிறையையும் கூட்டிப் பிரித்து இடையை, அதுதான் சராசரியை, காணும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பிள்ளையும் அந்த இடையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கழித்து, அதை வர்க்கித்து, எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்து, நிறைகள் எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று காட்டும் மாறற்றிறனைத் தரும். உனக்குக் கணிதம் கசக்கும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நீ பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்துக்கும் அறுபதை ஒட்டியே எடுப்பாய். உன்னோடு படித்த கொன்ஸ்ரன்ஸ் தமிழுக்குத் தொண்ணூறும் கணிதத்துக்கு முப்பதும் எடுப்பாள், கூட்டிப் பிரித்தால் அவளுக்கும் அறுபதுதான். அவள் கணிதத்தில் தவறப்போகிறாள் என்பதை அந்த அறுபது சொல்லாது, மாறற்றிறன் சொல்லும்.

மாசி மாதம் இமெல்டா கொண்டுவந்த நிறைகளைப் போட்டபோது இடை பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேலே வந்தது, இரண்டு வயதுக்கு அது குறை சொல்லக்கூடிய நிறையல்ல. ஆனால் ஒன்றரையை ஒட்டி வரவேண்டிய மாறற்றிறன் மூன்று புள்ளி ஏழு என்று வந்து நின்றது. புரோகிராமில்தான் பிழை என்று நினைத்தேன். வர்க்கிக்கிற வரியைத் திரும்பப் பார்த்தேன், கொஞ்ச நிறைகளை எடுத்துக் கையாலும் செய்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பிறகு முகாம் முகாமாகப் பிரிக்கச் சொல்லி இன்னும் சில வரிகள் சேர்த்து ஓடவிட்டேன். றோட்டோரம் இருக்கிற மூன்று முகாம்களிலும் பிள்ளைகள் பதினொன்றரைக் கிலோ, லொறி போகாத நாலாம் முகாமில் எட்டுக் கிலோவும் இல்லை. இமெல்டாவைக் கேட்டேன். "ஓம் அன்ரி, அங்கை பிள்ளையளைத் தூக்கினால் கைக்குப் பாரமே தெரியேல்லை, தாய்மார் தராசைப் பாக்காமல் என்ரை முகத்தைத்தான் பாக்கினம்" என்றாள்.

நான் அதைக் கொண்டுபோய் உன் மாமாவின் மேசையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இந்த வர்க்கிக்கிற கணக்கெல்லாம் காசு தாற வெள்ளைக்காரனுக்கு என்னத்துக்கு? அவரேஜ் நல்லாத்தானே கிடக்கு, அதை மட்டும் போடுங்கோ" என்றார். "அண்ணை, அந்தப் பத்தரைக் கிலோவிலை அங்கை பிள்ளையள் இல்லை. மூண்டு முகாமிலை அதுக்கு மேலை, நாலாவதிலை அதுக்குக் கீழை" என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார், "நாலாம் முகாமைப் பற்றி எழுதினால் சாப்பாடு போகாததுக்கு ஆர் காரணம் எண்டும் எழுதவேணும். எழுதினால் மற்ற மூண்டுக்கும் லொறி போகப் பாஸ் தரமாட்டாங்கள். நீங்கள் வீட்டை போயிடுவியள், மினிஸ்ட்ரியிலை போய் நிக்கிறது நான்." அவர் பயந்தது வெறும் பயமல்ல, அதை நான் இன்றைக்கும் சொல்வேன். அப்படியென்றால் நாலாம் முகாமை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் மட்டும் எழுதுங்கள், அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துப் பிரித்து நல்லாயிருக்கிறார்கள் என்று மட்டும் எழுதாதேயுங்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் வாயில் தங்கச்சி வரவில்லை. "மிசிஸ் பொன்னம்பலம், றிப்போர்ட் நான் பாத்துக்கொள்ளுவன்" என்றார்.

றிப்போர்ட் இடையோடு மட்டும் போனது. பிள்ளைகளின் நிறை திருப்தி என்று கண்டு, சத்துமாவுக்கு உதவி தந்துகொண்டிருந்தவர்கள் அதை நிறுத்தினார்கள். மூன்று முகாம்கள் ஒருமாதிரிச் சமாளித்தன, நாலாம் முகாமுக்கு ஆட்கள் சுமந்துபோன கொஞ்ச மாவும் நின்றது. சித்திரை முடிய இமெல்டா மறுபடி நிறுக்கப் போய்வந்தாள். அலுவலகத்துக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து குசினியில் நிலத்தில் இருந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. "அன்ரி, இந்தமுறை நாலாம் முகாமிலை நிறுக்கப் பிள்ளையள் குறைவு" என்றாள். வேறு இடத்துக்குப் போய்விட்டார்களா என்று கேட்டேன். "இல்லை அன்ரி" என்று மட்டும் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள், மிகவும் மெலிந்த பிள்ளைகள் இல்லாமல் போனதால் இந்தமுறை இடை கூடத்தான் வரும் என்று. அவள் சொன்னது சரி. நான் போட்டுப் பார்த்தேன், கூடியிருந்தது.

அடுத்த நாள் நான் முகாம் முகாமாக எடுத்த கணக்கைப் பிரின்ற் எடுத்து, உதவி தந்தவர்களின் ஆளான ஒரு வெளிநாட்டுப் பெண் கொழும்புக்கு வந்திருந்தபோது அவள் கையில் கொடுத்தேன். ஒளித்துக் கொடுக்கவில்லை, கொடுக்கப் போகிறேன் என்று உன் மாமாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் நல்லவள், கண் கலங்கினாள். அதனால் என்ன நடந்தது என்று கேள். ஒரே ஒரு லொறி நாலாம் முகாமுக்குப் போனது, ஒருமுறை. பிறகு பாதையைப் பூட்டிவிட்டார்கள். உன் மாமாவைக் கூப்பிட்டு முழுநாளும் விசாரித்தார்கள், ஒரு மாதம் எந்த முகாமுக்கும் பாஸ் கொடுக்கவில்லை. அவர் சொன்னபடியேதான் நடந்தது, அதில் எனக்குச் சந்தோசம் ஒன்றுமில்லை. எனக்கும் இமெல்டாவுக்கும் வேலை போனது. எங்கள் சனம் கோயிலில் என்னைக் கண்டால் செருப்புக் கழற்றுகிற சாக்கில் குனிகிறார்கள்.

நான் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டால்தான் மருமகன் எங்களுக்கு ஸ்பொன்சர் கடிதம் அனுப்புவார் என்று எழுதியிருக்கிறாய். இதை நீ உன் கையால் எழுதினாயே மகள், அதுதான் எனக்கு ஆறவில்லை. உன் முதல் பிரசவத்துக்கு வரவேண்டுமென்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். அப்பா அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேசை இறக்கித் துடைத்து வைத்திருந்தவர், உன் கடிதம் வந்த பிறகு அதைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டார். கேட்கச் சொல்கிறீர்களா என்று அவரைக் கேட்டேன். "பேரப்பிள்ளையைப் பாக்க எனக்கு ஆசைதான். ஆனால் நீ என்ன பிழை செய்தனீ எண்டு சொல்லிக் கேப்பாய்?" என்றார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. தெரியாததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? உன் மாமா விசாரணையில் பட்ட பாட்டுக்கு மனவருத்தம் உண்டு, அதை அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன், அவர் கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. கணக்குப் பிழை என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். ஆகவே நாங்கள் வரவில்லை.

இமெல்டாவின் மைத்துனர் கொன்ஸ்ரன்ரைன் வருகிற மாதம் மெல்பேர்னுக்கு வருகிறார். பத்தியச் சரக்குத்தூள் இடித்து, வேப்பம்பூ வடகமும் போட்டு அவரிடம் கொடுத்துவிடுகிறேன். பிள்ளை பிறந்து முதல் கிழமை குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, தலைக்கு வார்த்தால் உடனே காயவிடு. உன் பக்கத்து வீட்டு மாக்ரெட் அன்ரியை இரண்டு கிழமைக்கு உன்னோடு வந்து நிற்கச் சொல்லிக் கேள், வெட்கப்படாதே, தாய் இல்லாத இடத்தில் ஒரு பெண் துணை வேண்டும். நோவு கண்டால் தனியாக இருந்து பல்லைக் கடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நீ சுகமாகப் பெற்றெடுத்து, தாயும் பிள்ளையுமாக நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது உன் பிள்ளையைத் தொடாது.

இந்தக் கடிதத்தை மருமகனுக்கு ஒளிக்காதே. அவர் வேலையால் வந்ததும் மேசையில் வை, அவர் வாசித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இரு.

உன்னை மறவாத அம்மா,
நாகேஸ்வரி பொன்னம்பலம்